வகுபட மறுத்த பத்தாயிரத்து ஏழு

பத்தாயிரத்து ஏழு. இந்த எண்ணைப் பார்த்தால் உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? எனக்கும் போன வாரம் வரை தோன்றியதில்லை. இப்போது கனவிலும் வருகிறது.

ஆர்டர் பிடித்து, சரக்கை அனுப்பிவைக்கும் மெர்ச்சண்டைசராக நான் இருக்கும் பனியன் கம்பெனியில் ஒரு வழக்கம். ஆர்டர் பூஜ்யத்தில் முடியக் கூடாது. மொய்யில் ஒரு ரூபாய் சேர்க்கிறோமே... அதுபோல எங்கள் முதலாளி ஏழு சேர்ப்பார். ஏழு அவருக்கு ராசி. புது பையர் பத்தாயிரம் டி-ஷர்ட் கேட்டார். கெஞ்சிக் கூத்தாடி 10,007 ஆக்கினேன்.

பையரும் ஒரு கண்டிஷன் போட்டார். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை. பெட்டிக்கு அதிகபட்சம் இருபத்துநான்கு. ஒரு பெட்டி மாறினாலும் சரக்கு ரிட்டர்ன். இதென்ன பிரமாதம் என்று ஓகே சொன்னேன்.

மாட்டிக்கொண்டது பேக்கிங் சூப்பர்வைசர் முத்துலட்சுமி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். இருபத்துநான்காக அடுக்கினார் – இருபத்துமூன்று மிச்சம். இருபதாக? ஏழு மிச்சம். பதின்மூன்றாக? பத்து மிச்சம். அடுக்கிப் பிரித்தே மூன்று நாள் போனது.

முதலாளி வந்தார்.

“ஏனம்மணி, பள்ளிக்கூடத்துல வகுத்தல் சொல்லிக் குடுக்கலீங்களா? சாயங்காலம் கன்டெய்னர் போகலீன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாமுங்க.”

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. வேலைதான் போகும்.

“எப்படிப் போட்டாலும் மிஞ்சுது சார். நான் என்ன செய்யட்டும்?” முத்துலட்சுமி என்னைப் பார்த்துக் கேட்டார்.

செல்லை எடுத்து 10,007 என்று தட்டினேன். பகா எண்! ஐந்து இலக்கத்தில் வரும் முதல் பகா எண்ணாம். தேடிப் போனாலும் கிடைக்காததை, ராசி தேடிக் கொடுத்திருக்கிறது.

முதலாளிக்கு விளக்கினேன். “ஒண்ணு, ஒரு பெட்டிக்கு ஒரு பீஸ்னு பத்தாயிரத்து ஏழு பெட்டி வேணுமுங்க. இல்லீன்னா எல்லாத்தையும் ஒரே பெட்டியில போடோணுமுங்க.”

“அத்தன பெரிய பெட்டி கெடைக்குமுங்களா?” சீரியஸாகத்தான் கேட்டார்.

அந்த ஏழு பீஸைக் குறைக்கலாம் என்றேன். அதற்குக் கம்பெனியையே மூடிவிடலாம் என்றார். அப்போதுதான் மூளை வேலை செய்தது. ஒன்று கூட்டினால் 10,008. இருபத்துநான்கால் வகுத்தால் சரியாக 417 பெட்டி!

“கடைசியில எட்டு வருதுங்களே...” முதலாளிக்கு முகம் சுருங்கியது.

“ஒண்ணையும் எட்டையும் கூட்டுனா ஒம்பதுங்க. அதுவும் ராசிதானுங்க.”

மலர்ந்துவிட்டார். ஒரு டி-ஷர்ட் இலவசம் என்றதும் பையரும் சம்மதித்தார். எக்ஸ்ட்ரா பீஸ் எப்போதும் கையிருப்பில் இருக்கும். கன்டெய்னர் கிளம்பியது. முதலாளி என் தோளில் தட்டினார்.

முத்துலட்சுமியிடம் போனேன். அவர் வேலையைக் காப்பாற்றிய பெருமையைக் கொஞ்சம் அனுபவிக்கத்தான்... வேறெதற்கு?

“ஒரு பீஸ் கூடத் தந்தா முடிஞ்சிரும்னு மொத நாளே சீட்டு எழுதி ஒங்க டேபிள்ல வச்சேனே சார். பாக்கலயா? பதில் வராமத்தான் மூணு நாளா அடுக்கிப் பிரிச்சிக்கிட்டிருந்தேன்.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். சீட்டு இருந்தது. மூன்று நாளாக அதன்மேல்தான் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகிவிட்டது.

முதலாளியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அந்தத் தைரியம் இல்லாததால்தான் உங்களிடம் சொல்கிறேன்!