சரியானதை மறுபடி கெடுத்தவர்

எங்கள் பக்கத்தில் யாருடைய லேப்டாப் படுத்துக்கொண்டாலும் அது போய்ச் சேரும் இடம் 'மறுபடி'யின் கடைதான். பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் பெரிதாக இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. வணிக வளாகத்து மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் கடை. ஐம்பது வயதுப் பெண்மணி, வலது முழங்காலில் பட்டை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும் கண்ணாடி. சரியாகிவிட்டது என்று நீங்கள் எழுந்தால், "உக்காருங்க, மறுபடி பாப்போம்" என்பார். பஸ் ஓட்டும் அவருடைய வீட்டுக்காரர் சொல்வார்: "கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொன்னேன். ஒரு தடவை வேண்டாம்னு சொல்லிட்டு மறுபடி சொல்லுங்கன்னு சொன்னா இவ."

இந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நான் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. எனக்குப் பொறுமை என்பது அறவே கிடையாது. கூட்டங்களுக்கு மைக்செட் போடுகிறவன் நான். ஆட்கள் உட்கார்ந்த பிறகு சத்தம் வரவில்லை என்றால் என் மானம்தான் கப்பலேறும்.

அப்படிப்பட்ட நான் அன்று காலை, கடை திறக்குமுன்பே ஷட்டருக்கு எதிரே லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். என் அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. மறுநாள் குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். இருபது வருடம் இரண்டாம் வகுப்பை அடக்கிய குரல் அதோடு சரி. முன்கூட்டியே முந்நூறு வாக்கியங்களைப் பேசிப் பதிந்து கொடுத்தால், பிறகு அவள் தட்டச்சு செய்வதை அவள் குரலிலேயே பேசும் செயலி ஒன்று இருக்கிறது. அதற்கு லேப்டாப்தான் வேண்டும், ஒவ்வொரு வாக்கியமும் முழுதாக வேண்டும். மூன்று நாளாகப் பதிந்தோம். லேப்டாப் திடீர் திடீரென்று உறைந்துபோய் முதல் வார்த்தையை முழுங்கியது. "தண்ணி கொஞ்சம் வேணும்" என்று அவள் வலியோடு சொன்னால், "கொஞ்சம் வேணும்" மட்டும் பதிந்திருக்கும். முந்நூறில் தேறியது நூற்றுப்பத்து. அன்று மாலை ஆறு மணிக்கு அவள் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

'மறுபடி' எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நீங்க என்னென்ன செஞ்சீங்க?"

"வீடியோ பாத்து எல்லா டிரைவர் சாஃப்ட்வேரையும் புதுசு பண்ணினேன். வேண்டாததை அழிச்சேன். ஏதோ நாலு செட்டிங்கை மாத்தினேன்."

"எல்லாம் ஒரே நேரத்துலயா?"

"அவசரம் மேடம்."

"அஞ்சு பேர் சேர்ந்து கதவைத் தள்ளினா, யார் தள்ளித் திறந்ததுன்னு எப்படித் தெரியும்? ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் தம்பி."

சார்ஜரைச் செருகிவிட்டு வேலையை ஆரம்பித்தார். பதிவதையெல்லாம் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி நல்ல நிலையில் இருந்தது. இடமும் பாதிக்கு மேல் காலி. பிறகு கணினி தனக்குள் எழுதிவைக்கும் குறிப்புகளைத் திறந்தார். எஸ்எஸ்டி பதில் சொல்லாமல் போனதாக வரிசையாக எச்சரிக்கைகள், எல்லாமே நாங்கள் பதிந்த நேரத்தில். எஸ்எஸ்டிக்கும் கணினிக்கும் நடுவே பேசிவைக்கும் ஸ்டோரேஜ் டிரைவர் என் கைங்கரியத்தால் மாறியிருந்தது. அதை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டார். என்னைப் பேசச் சொல்லிப் பத்து வாக்கியங்களைப் பதிந்தார். ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.

மணி பதினொன்றேகால். நான் பையைத் தூக்கினேன்.

"உக்காருங்க. மறுபடி பாக்கணும்" என்றவர், எடுத்துப்போட்ட அந்தப் பாழாய்ப்போன டிரைவரையே திரும்ப ஏற்ற ஆரம்பித்தார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "என்ன மேடம் பண்றீங்க? சரியானதைப் போய்க் கெடுக்கறீங்களே. நாளையோட எங்கக்காவுக்குப் பேச்சே இல்ல, உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "இதுக்கு முன்னால பன்னெண்டு வருஷம் லிஃப்ட் சர்வீஸ்ல இருந்தேன். நின்னுபோன லிஃப்ட் ஒண்ணுல ரிலேங்கிற ஒரு சுவிட்சை மாத்தினேன், ஓடிச்சு. கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பிட்டேன். சாயங்காலமே அதுக்குள்ள ஒரு நிறைமாசப் பொண்ணு ரெண்டு மணி நேரம் மாட்டிக்கிட்டா. ரிலேயில பழுதே இல்ல. நான் போன நேரத்துல அது சும்மா ஓடியிருக்கு, அவ்வளவுதான். அன்னையிலேருந்து, பழுதை என்னால திரும்பக் கொண்டுவர முடியலைன்னா நான் எதையும் சரிபண்ணலன்னுதான் எடுத்துக்கறேன்."

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். புது டிரைவரோடு மறுபடி பத்து வாக்கியங்கள் பதிந்தோம். அதிலும் ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.

"பாத்தீங்களா, டிரைவர் காரணமே இல்ல. நீங்க அப்பவே எடுத்துட்டுப் போயிருந்தா வீட்டுல மறுபடி முழுங்கியிருக்கும்."

மாலை நான்கு மணிக்கு அக்காவின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் என்று நினைத்தேன்.

"வீட்டுல எப்படிப் பதிவீங்களோ, அப்படியே இங்க செஞ்சு காட்டுங்க" என்றார்.

மைக்கை மேஜையில் வைத்தேன். கை பழக்கத்தில் தானாகப் போய்ச் சார்ஜரைப் பிடுங்கியது.

"அது எதுக்கு?"

"செருகியிருந்தா மைக்குல உய்ங்னு ஒரு சத்தம் வரும். எங்க தொழில்ல அதை விடவே மாட்டோம்."

"அக்கா விடாமப் பேசுவாங்களா?"

"எங்க? ஒண்ணு சொல்லிட்டு ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் மூச்சு வாங்கிப்பாங்க."

"அப்போ நாமளும் இருப்போம்."

இரண்டு நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் தலையசைத்ததும், "தண்ணி கொஞ்சம் வேணும்" என்றேன். லேப்டாப் உறைந்தது. போட்டுக் கேட்டால், "கொஞ்சம் வேணும்."

அன்று முதல்முறையாக 'மறுபடி' சிரித்தார். "வந்துட்டான்."

விஷயம் இவ்வளவுதான். சார்ஜர் இல்லாதபோது பேட்டரியை மிச்சம் பிடிக்க, சும்மா இருக்கும் எஸ்எஸ்டியைக் கணினி தூங்கவைக்கிறது. என்னுடையது தூங்கினால் லேசில் எழுந்திருக்காத ரகம். தொழில் தெரிந்தவன் என்ற மிதப்பில் நானே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அக்கா மூச்சு வாங்கிய நேரத்தில் அதற்குத் தாலாட்டும் பாடியிருக்கிறேன். 'மறுபடி' அந்தத் தூக்கத்தை ஒரே செட்டிங்கில் நிறுத்தினார். இரண்டு நிமிடம் காத்திருந்து பேசினேன். வாக்கியம் முழுதாக வந்தது. அதையும் அவர் திரும்பக் கெடுத்து, முழுங்கவைத்து, மறுபடி சரிசெய்தார். இந்தத் தடவை நான் பையைத் தொடவே இல்லை.

ஒரு மணிக்கு வீட்டில் ஆரம்பித்தோம். அக்கா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மூச்சு வாங்கினாள். தண்ணீர் குடித்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைத் திட்டினாள், பிறகு அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள். ஐந்து இருபதுக்கு முந்நூறும் முடிந்தது.

ஒரு மாதம் கழித்து அக்காவை அந்தக் கடைக்கு அழைத்துப் போனேன். கழுத்தில் கட்டு, மடியில் லேப்டாப். 'மறுபடி' தன் சார்ஜரைச் செருகி, நாற்காலியை நகர்த்திப் போட்டார். அக்கா மெதுவாகத் தட்டினாள்.

"லேப்டாப்பைச் சரி பண்ணின மேடம் நீங்கதானா?" என்று என் அக்காவின் குரல் கேட்டது. அந்த இடத்திலேயே வெட்கம்கெட்டு அழுதேன்.

'மறுபடி' அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. கையை நீட்டிச் சார்ஜரைப் பிடுங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை.

"இப்போ மறுபடி சொல்லுங்க" என்றார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டினாள்.

"தம்பிக்கு ஒரு டீ சொல்லுங்க மேடம், ரொம்ப அழறான்."

தம்பி என்ற முதல் வார்த்தையிலிருந்தே கேட்டது. 'மறுபடி' கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி, எழுந்திரிங்க" என்றார் என்னிடம். "இப்போ போகலாம்."