மைனி மாட்டிவிட்டுப் போன குடை

எங்கள் வீட்டு முன்னறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் கறுப்புத் துணிக்குடை ஒன்று தொங்குகிறது. என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, கல்யாணச் சீராகக் கொண்டுவந்த குடை அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் கடற்கரைப் பட்டணத்தில் துணிக்குடை பிடித்து நடந்த பெண்கள் மிகக் குறைவு. மைனி வெயில் இல்லாத நாளிலும் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அவளைக் கேலி செய்வதே எனக்கு வேலை. புயல் வந்த அன்று மட்டும் அவள் அதை எடுக்கவில்லை. "ஏட்டி, இந்தக் காத்துல கொடை எதுக்கு? பொழுதடையதுக்கு முன்ன வந்திருவேன்" என்று ஆணியில் மாட்டிவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் தனியாக இருந்த தன் அம்மையைக் கூட்டிவரப் போனாள்.

அண்ணன் திருவிதாங்கூர் சர்க்காரில் ஓவர்சியர். தொப்பி இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். ஆறு கடலில் சேரும் இடத்தைக் கடல், மணலைக் கொட்டி அடைத்துவிடும். அந்த மணல்திட்டைப் பொழி என்போம். அக்கரைக்குப் போகவர அதுதான் நடைபாதை. வெள்ளக் காலத்தில் பொழியை வெட்டி ஆற்றைக் கடலுக்குள் விடவேண்டும். அதற்கு உத்தரவு கொடுப்பது அண்ணன். இல்லாவிட்டால் தண்ணீர் திரும்பி ஊருக்குள் ஏறிவிடும். வெட்டினால் பாதை போய்விடும். அதனால் வெட்டுவதற்கு முன் கோயில் மணியை விடாமல் அடிப்பார்கள். அது கேட்டு அக்கரைக்காரர்கள் ஆடுமாடுகளோடு இக்கரைக்கு வந்துவிடுவார்கள். இது எப்போது தொடங்கிய ஏற்பாடோ தெரியாது, ஒருபோதும் பிசகியதில்லை.

அன்று காலையில் புயல் வருகிறது என்று நாகர்கோவிலிலிருந்து தந்தி வந்தது. சந்தைத் தெருக் கடைக்காரர்கள் அரிசி மூட்டைகளைப் பரணில் ஏற்றினார்கள். வள்ளங்களைக் கோயில் முற்றம்வரை இழுத்துப் போட்டார்கள். ஓலைக்கூரைகளின் மேல் பழைய வலையை விரித்து நாலு மூலையிலும் கல் கட்டினார்கள். நான் அப்போது சந்தைத் தெருப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கடற்கரைக் குடிசைக்காரர்களையும், தந்திச் செய்தி கேட்டே வந்துவிட்ட அக்கரைக்காரர்களையும் பிள்ளைகுட்டிகளோடு அங்கேதான் அடைத்திருந்தோம். மதியத்துக்கு மேல் வானம் பித்தளைப் பாத்திரத்தின் அடிபோல ஒரு நிறத்துக்கு வந்தது. காக்கை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பிள்ளைகள் அழுவதையும் நிறுத்திவிட்டார்கள். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

மைனியைக் காணோமே என்று நான் பொழிக்கு ஓடினேன். மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆறு கரை ததும்பி நின்றது. கடல் இறங்கியிருக்கும் நேரத்தில்தான் பொழியை வெட்ட முடியும். ஏறிவிட்டால் அலை மறுபடியும் மணலால் மூடிவிடும். ஆட்கள் மண்வெட்டியோடு அண்ணன் முகத்தையே பார்த்து நின்றார்கள். அண்ணன் அக்கரையைப் பார்த்து நின்றார்.

"ஐயா, கடலு ஏறத் தொடங்கியாச்சு. இனி தாமசிச்சா பள்ளிக்கூடம் முங்கிரும்" என்றார் மேஸ்திரி.

"மணி அடிச்சு எம்புட்டு நேரமாச்சு?"

"ரொம்ப நேரமாச்சு ஐயா. வரணும்னா இதுக்குள்ள வந்திருப்பாவ. அங்கனயே எங்கயாவது மேட்டுல ஒதுங்கியிருப்பாவ."

அண்ணன் தொப்பியைக் கழற்றினார். வெட்டச் சொன்னார்.

முதலில் ஓர் ஓடையளவுதான் தண்ணீர் போனது. பிறகு ஆறு தானே மணலை அரித்துக்கொண்டு அகலமானது. அப்போதுதான் அக்கரைத் தென்னைகளுக்கிடையிலிருந்து மைனி வந்தாள். அவள் அம்மை அவள் தோளில் சாய்ந்து நடந்து வந்தாள். நடுவில் ஆறு சீறிக்கொண்டு ஓடியது. அந்த இழுப்பில் எந்த வள்ளமும் நிற்காது. மைனி கையைக் குவித்துக் கூப்பிட்டாள். அவள் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது.

"மணி அடிச்சாச்சா? எங்களுக்குக் கேக்கலியே."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் பொழி வெட்டியதெல்லாம் வைகாசிக் கடைசியில் தொடங்கும் இடவப்பாதி மழையில். அந்தக் காற்று மேற்கிலிருந்து வந்து மணியோசையை அக்கரைக்குக் கொண்டுபோகும். இந்தப் புயல் கிழக்கிலிருந்து வந்தது. அவள் சொன்னதெல்லாம் எங்களுக்குக் கேட்டது. நாங்கள் கத்தியது ஒன்றும் அவளுக்குப் போகவில்லை. அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கத்தினார். ஆட்கள்தான் இழுத்துப் பிடித்தார்கள். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு அம்மையின் தலையில் முந்தானையைப் போட்டு மூடி, திரும்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

புயல் போன பிறகு பார்த்தால் அக்கரையில் தென்னைகளே இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஊர் அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டது. அந்தக் கும்பிடுகளை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவர் வேறு கல்யாணம் செய்யவில்லை. அதன் பிறகு பொழி வெட்டும்போதெல்லாம், வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, அக்கரையில் போய் நின்றுகொண்டுதான் கையசைத்து உத்தரவு கொடுத்தார். வெட்டிய பிறகு மணல் மூடிப் பாதை கூடும்வரை அங்கேயே கிடப்பார். "ஐயா, இக்கரைக்கு வந்திருங்க" என்று ஆட்கள் கெஞ்சினால், "மணி கேக்குதான்னு இங்க நின்னு ஒரு ஆளு சொல்லாண்டாமா?" என்பார்.

இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. புயலை ரேடியோ முன்கூட்டியே சொல்கிறது. நேற்றும் சொன்னது. மருமகள் அவசரத்தில் அந்தக் குடையை எடுக்கப் போனாள். அது மட்டும் வேண்டாம் என்றேன். பொழுதடைவதற்கு முன் வந்துவிடுவேன் என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனவளுடைய குடை அது. அவள் வந்தாள். அக்கரையில் அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்போது பொழுது அடைந்திருக்கவில்லை.