நான் சீவியெடுத்த தோல்

புதுவாயலில் ஒரே மருத்துவமனையில் பாத மருத்துவம் பார்த்தவர்கள் நாங்கள் இருவர். என்னிடம் வந்தவர்கள், இரும்பு முனைக் காலணியால் புண்பட்ட ஆலைத் தொழிலாளர்கள். என்னைவிட மிக இளையவரான நிர்மலா நடனமாடுவோரின் பாதங்களையே பார்த்தார். ஆரணியிலிருந்தும் அவரைத் தேடி வந்தார்கள். வந்தவர்களை அவர் தம் அறையிலேயே ஆடச் சொல்லுவார். தட்டடவில் பாதம் தரையில் அறையும் ஓசை சுவர் வழியே கேட்கும்போது என் நெஞ்சின்மேல் விழுவதுபோல் இருக்கும்.

அவர் விடுப்பிலிருந்த நாளில், பத்து நாளில் அரங்கேறவிருந்த பெண்ணொருத்தி உள்ளங்கால் வலியோடு தாயுடன் வந்தாள். நிர்மலாவை விஞ்ச இதுவே தருணம் என எண்ணினேன். காய்த்துத் தடித்திருந்த தோலை முழுவதும் சீவி, குழந்தையின் பாதம்போல் மென்மையாக்கி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் இருவரும் திரும்பி வந்தனர்.

"இன்னா சார் பண்ணீங்க? கால ஊன முடியாம பொண்ணு அழுதுகினு கீது," என்றார் தாய்.

பாதமெங்கும் கொப்புளங்கள். நிர்மலா பார்த்துவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில், "அந்தத் தோல் மேலதான் சார் அவ ஆடுறா," என்றார். பிறகு தாயிடம் திரும்பி, "எங்க ரெண்டு பேர் தப்புதாம்மா. அரங்கேற்றத்த ஒரு மாசம் தள்ளி வையுங்க," என்றார்.

தவறு என்னுடையது மட்டுமே என்று நான் வாய் திறக்கவில்லை.

தள்ளிவைத்த அரங்கேற்றத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். அந்தப் பெண் குறையின்றி ஆடினாள். முன்பு நிர்மலாவின் திறமைமேல் பொறாமை கொண்டிருந்தேன். தமதல்லாத பழியைத் தயங்காமல் ஏற்ற அந்த மனத்தின்மேல் இன்றும் பொறாமை கொள்கிறேன்.