எண்பத்திரண்டாம் வருஷத்து ஐசி

சர்க்கரை நோய் கண்ணைப் பிடித்த வருஷம்தான் என் கணவர் ஒரு கம்ப்யூட்டர் செய்ய ஆரம்பித்தார். பாலிடெக்னிக்கில் அவர் படித்தபோது லேபில் கண்ணாடி அலமாரிக்குள் ஒன்று பூட்டிக் கிடந்ததாம். மாணவர்கள் தொடக்கூடாது. அதே மாதிரி ஒன்றைத் தன் கையால் செய்து, திரையில் எழுத்து வருவதைப் பார்வை இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பொன்னமராவதியில் ரொம்ப காலம் டிவி, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவர். போர்டெல்லாம் சீக்கிரமே தயாராகிவிட்டது.

ஐசி என்கிற சில்லுகளில்தான் வேலை நின்றது. ஒவ்வொரு ஐசியின் முதுகிலும் அது தயாரான வருஷமும் வாரமும் பொடி எண்களாக அடித்திருக்கும். அந்த மிஷின் வந்தது எண்பத்திரண்டில், அதற்குப் பிந்தின ஐசி ஒன்றுகூட அதில் உட்காரக்கூடாது என்று பிடிவாதம். அதே வேலையைச் செய்யும் புது ஐசிகளை நானே திருச்சியில் வாங்கி வந்து கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

“வேலை செய்யும்மா. ஆனா அது அந்த மிஷினா இருக்காது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சமைத்து, அவருக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, லென்ஸும் டார்ச்சுமாக நான் உட்கார வேண்டும். பழைய போர்டுகளைப் பிரித்து விற்பவர்களிடமிருந்து கூரியரில் வந்த ஐசிகளை ஒவ்வொன்றாக வாசிப்பேன். “எண்பத்தஞ்சு” என்றால் “தூக்கிப் போடு” என்பார். “எண்பத்தொண்ணு” என்றால் “வை” என்பார்.

“என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இம்புட்டுப் பாக்கலங்க.”

“ஒன் வயசக் கேட்டுட்டுத்தானே டீச்சரம்மா வந்தேன்?”

அப்படியெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மாதா மாதம் மதுரைக்குப் போய்க் கண்ணில் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். கேட்டால், இடது கண் பரவாயில்லை என்பார். நானும் நம்பினேன்.

கடைசியில் ஒரே ஒரு ஐசிதான் பாக்கி. அதுவும் வந்தது, எண்பத்தொன்று என்று பளிச்சென்று எழுதியிருந்தது. பழசுக்கு இப்போது கிராக்கி என்பதால் புதுசைச் சுரண்டிப் பழைய எண்ணை அச்சடித்து விற்கிறார்கள். அதனால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு முதுகைத் தேய்த்தேன். எண் அப்படியே பஞ்சோடு வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. அவரோ, “விடு, வேற தேடுவோம்” என்று டீ கேட்டார். இந்த மனுஷனுக்குக் கண்ணைப் பற்றிக் கவலையே இல்லையா என்று அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அசல் ஐசி வந்து சேர ஆடி பிறந்துவிட்டது. பஞ்சில் தேய்த்தேன், எண் அசையவில்லை. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், “நாளைக்குப் போடலாமே” என்றார். நான் கேட்கவில்லை. நானே அதை இடத்தில் அழுத்தி, பழைய டிவியோடு இணைத்து, சுவிட்சைப் போட்டேன். திரை கொஞ்ச நேரம் நடுங்கியது. பிறகு ஒரு வார்த்தையும், பக்கத்தில் மின்னி மின்னி மறையும் ஒரு கட்டமும் வந்தன.

“வந்திருச்சுங்க!” என்று கத்திவிட்டேன்.

அவர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். முகம் டிவிக்குச் சற்றுத் தள்ளி, ஜன்னல் பக்கம் இருந்தது. நான்தான் மறைக்கிறேனோ என்று விலகினேன். முகம் திரும்பவில்லை.

“இங்கிட்டு வாங்க. கிட்ட வந்து பாருங்க.”

“சித்திரையிலேர்ந்தே தெரியலம்மா. வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது.”

“அன்னைக்கே அந்தப் புதுச மாட்டியிருந்தா பாத்திருப்பீங்கள்ல? எதுக்குங்க வேணாம்னீங்க?”

“அப்ப நெசமாவே பழசுதான் வேணும்னு இருந்துச்சு. பொறகு, இது ஓடிருச்சுன்னா ஒனக்குத் தெரிஞ்சு போயிருமேன்னு பயந்துட்டேன். தேடிக்கிட்டே இருந்தா நல்லதுன்னு பட்டுச்சு.”

எதையாவது தூக்கி உடைக்கலாம் போல இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்ன வந்திருக்கு, வாசி.”

“ரெடின்னு வந்திருக்குங்க.”

“பச்சை எழுத்தா, வெள்ளை எழுத்தா?”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அவர் மறுபடியும் கேட்டார்.