மூன்றாவது வேட்டு

பிள்ளைகளா, அப்பா பார்க்கில் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "சனிக்கிழமை சனிக்கிழமை வெடி போடுவார்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறீர்கள். அது சரிதான். ஆனால் வெடி போடுகிற நேரம் கொஞ்சம். சாயங்காலம் முழுக்க நான் காற்றையும் புகையையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குளத்துக்கு அந்தப் பக்கம் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத உங்கள் அம்மாவைப் பற்றியதாகப் போய்விட்டது. இருக்கட்டும்.

வாணவேடிக்கை கெட்டுப்போக பெரிய காரணம் எதுவும் வேண்டாம். முதல் வாணத்தின் புகை விலகுவதற்குள் அடுத்ததை விட்டால் போதும், கொசுவலைக்குள் எரிகிற பல்பு மாதிரித்தான் தெரியும். ஆடி மாதம் மேற்கே மலைப் பக்கமிருந்து வருகிற காற்று புகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கூடவே பொறியையும் தள்ளும், அதனால் பெரியதை எல்லாம் விடாமல் வைத்துவிடுவோம். ஐப்பசியில் காற்றே இருக்காது. புகை குளத்தின் மேல் படுத்துக்கொள்ளும், எழுந்திருக்காது. எல்லாம் நன்றாக இருக்கிற அன்றைக்கு பஜ்ஜிக் கடைக்காரர் டியூப்லைட்டை அணைக்க மறந்துவிடுவார். பாட்டு ஏறுகிற இடத்தில் வாணம் மேலே விரிய வேண்டும் என்றால், அதற்குச் செத்த நேரம் முன்னாலேயே அது கீழே குழாயை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். பாட்டைக் கேட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினால் முடிந்தது கதை.

இந்தப் பொழுதுபோக்குப் பார்க்குக்கு வருவதற்கு முன்னால் நான் ஊர் ஊராகத் திருவிழா வாணவேடிக்கைக்குப் போனவன். என்னோடு இப்போதும் வேலை பார்க்கிற தாடிக்கொம்பு ஊர்க்கார அண்ணனும் அப்படித்தான். அங்கே இடைவெளி விடக் கூடாது. கொஞ்சம் தாமதித்தாலும், "என்னலே, மருந்து தீந்துபோச்சா? வீட்டுக்குப் போகட்டுமா?" என்று கூட்டத்திலிருந்து குரல் வரும். பார்க்கில் முதல் வருஷம் எங்கள் கை சும்மாவே இருக்காது. இருட்டில் நாலு மூச்சு விடுகிற நேரம் காத்திருக்க நாங்கள் பழகியது கஷ்டப்பட்டுத்தான்.

உங்கள் அம்மா குவைத்துக்குப் போனபோது சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். அவள் லீவில் வந்தபோது அவன் ஓடிக்கொண்டிருந்தான். முதல் நாள் அவள் கையை நீட்டினாள், இவன் என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "போன் அம்மா எதுக்கு வெளிய வந்துச்சு?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு பாத்திரம் கழுவப் போனவள் வெகுநேரம் கழுவினாள்.

அவளுக்கு நான் செய்கிற வேலையைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. சொல்லப்போனால் பேராசை. அவள் அங்கே வேறு யாரோ வீட்டு வயதான அம்மாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, ராத்திரியில் விழித்திருக்கிறாள். அவள் கண் நிறைகிற மாதிரி என்னிடம் இருந்தது இது ஒன்றுதான். ஆனால் அவள் வந்த சமயம் பார்க்கில் குளத்தைத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். வாணவேடிக்கை கிடையாது. அவள் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமைதான் மறுபடி ஆரம்பித்தார்கள். எல்லாம் புது வரிசை. பெங்களூரிலிருந்து ஒரு தம்பி வந்து பாட்டோடு சேர்த்து அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அதில் கடைசியாக வருவது ஒன்று. நாங்கள் அதைச் சடை என்போம். உச்சியில் வெடித்து, தங்க நிறத்தில் இழை இழையாகப் பிரிந்து, அவசரமே இல்லாமல் இறங்கும். பாதி வானம் அடைத்துக்கொள்ளும். மேலிருந்து இழைகள் இறங்க இறங்க, குளத்துக்குள் அதன் நிழல் கீழேயிருந்து ஏறி வரும். இரண்டும் தண்ணீர் மட்டத்தில் வந்து சேரும்போதுதான் அணையும். வெள்ளிக்கிழமை ஒன்றே ஒன்று விட்டுப் பார்த்தோம். அண்ணன் வாயில் வைத்த பீடியைப் பற்றவைக்க மறந்து நின்றார்.

சனிக்கிழமை கிளம்பும்போது அம்மா மஞ்சள் சின்னாளப்பட்டிச் சேலையை எடுத்துக் கட்டினாள்.

"ஏங்க, இம்புட்டுக் கூட்டத்துல என்னையத் தெரியுமா உங்களுக்கு?"

"மஞ்சள் கட்டியிருக்கேல்ல. தெரியும்."

"அங்கிட்டு எல்லாரும் மஞ்சள் கட்டிட்டு வந்தா?"

"அப்ப எல்லாரையும் பாத்துக்கிறேன்."

"ஆமா, பாப்பீக. வேலையப் பாருங்க மொதல்ல."

பெரியவளே, உனக்கு அது நினைவிருக்கும். நீதான் நடுவில் நின்று, "போதும், பஸ் வந்துருச்சு" என்று கத்தினாய்.

உங்களைப் படிக்கட்டில் நடு வரிசையில் உட்காரவைத்துவிட்டு நான் குளத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் போனேன். மணல்மூட்டைக்குப் பின்னால் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியும். விளக்கு அணைவதற்கு முன்னால் மஞ்சள் சேலை தெரிந்தது. சின்னவன் அவள் மடியில் இருந்தான். அன்றைக்குத்தான் அவன் முதல்முறையாக அவள் மடியில் தானாகப் போய் உட்கார்ந்தது.

காற்று மெதுவாக, எங்களைத் தாண்டி வெளிப்பக்கமாகப் போனது. அதற்கு மேல் கேட்க முடியாது. பச்சை, சிவப்பு, வெள்ளை, ஒவ்வொன்றும் சுத்தமான வானத்தில் விரிந்தது. பஜ்ஜிக் கடை இருட்டாக இருந்தது. "இன்னைக்கு உனக்குன்னே அமஞ்சிருக்குடா மாப்ள. வீட்டுல புள்ளகுட்டியோட வந்திருக்காங்கன்னு காத்துக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார் அண்ணன்.

சடைக்கு முன்னால் புது வரிசையில் மூன்று அதிர்வேட்டு வைத்திருந்தார் அந்தத் தம்பி. நிறம் எதுவும் கிடையாது, வெளிச்சமும் இடியும் மட்டும். மூன்று இடி, பிறகு இருட்டு, பிறகு சடை. நல்ல யோசனைதான்.

முதல் வேட்டு வெடித்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தில் எதிர்க்கரை பகல் மாதிரி தெரிந்தது. ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். மூன்றாவதில் மஞ்சள் சேலையும் எழுந்துவிட்டது. சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள்.

நம் பக்கத்து ஊர்களில் எந்தத் திருவிழாவிலும் அதுதானே வழக்கம். சப்பரம் சுற்றி வந்து கோயிலுக்குள் நுழைந்ததும் மூன்று வேட்டுப் போடுவார்கள். மூன்றாவது வேட்டுக்குப் பாயைச் சுருட்டி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியதுதான். கோயில் திருவிழாவானாலும் மாதா கோயில் திருவிழாவானாலும் இதுதான். எங்கள் கையாலேயே எத்தனை ஊரில் போட்டிருக்கிறோம்! ஆனாலும் அந்த மூன்று குழாயையும் நிரப்பி, ஒயர் இழுத்து, பிளாஸ்டிக் தாள் மூடி வைத்த எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. பார்க் வேறு, திருவிழா வேறு என்று நாங்கள் நினைத்துவிட்டோம். கூட்டம் அப்படி நினைக்கவில்லை.

கத்த முடியாது. கத்தினாலும் கேட்காது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, சுவிட்சைத் தட்டித்தான் ஆக வேண்டும். தட்டினேன். சடை ஏறி, விரிந்து, இறங்கியது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வாசலை நோக்கிப் போகிற அத்தனை முதுகையும் பார்த்தேன். எந்த முதுகு அவளுடையது என்று தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவளிடம் கேட்டேன். "நல்லா இருந்துச்சுங்க. கடைசி வேட்டு நெஞ்சுக்குள்ள போயிருச்சு. இவன் பயந்து என் கழுத்தக் கட்டிக்கிட்டான்" என்றாள். சின்னவன் இன்னமும் அவள் கழுத்தை விடவில்லை. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, நான் வேறெதுவும் சொல்லவில்லை. இரண்டு நாளில் அவள் கிளம்பிப் போனாள்.

மேனேஜருக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். "ஏனுங்க, இவ்வளவு செலவு பண்ணி வச்சதை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கலைங்களே?" என்று கேட்டார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், சப்பரம் உள்ள போயிருச்சுன்னு நெனச்சிட்டாங்க" என்றார். மேனேஜருக்கு விளக்கிச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவருமே சிரித்துவிட்டார். அவர் ஊரிலும் அப்படித்தானாம். ஆனால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மைக்கில் "யாரும் எழுந்திருக்க வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தோம். வேட்டுச் சத்தத்துக்கு எழுகிற கால் மைக்கைக் கேட்குமா?

பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தூறல் போட்டது. பிளாஸ்டிக் தாளுக்குள் எப்படியோ ஈரம் இறங்கி, மூன்றில் ஒரு வேட்டு வெடிக்கவில்லை. இரண்டுதான் வெடித்தது. எழுந்தவர்கள் எழுந்தபடி நின்றார்கள். செருப்பு ஒரு காலில், பிள்ளை ஒரு கையில். யாரும் நகரவில்லை. மூன்றாவது வரவில்லையே! அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தபடி அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதிக்குள் சடை இறங்கியது. பிள்ளைகளா, ஒரு கூட்டம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் குளத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது.

அன்றிலிருந்து இரண்டு வேட்டு. இருட்டு. சடை. அது தண்ணீரைத் தொட்டு அணைந்த பிறகுதான் மூன்றாவது. அதைக் கேட்டதும் சமர்த்தாக எழுந்து போகிறார்கள். இப்போதெல்லாம் காற்று சரியில்லாத நாளில்கூட அந்த ஒரு கணம் தவறுவதில்லை. நான் மட்டும் நடு வரிசையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். மஞ்சள் சேலை கட்டியவர்கள் எப்போதும் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

பெரியவளே, நீதான் ஒருநாள் போனில் போட்டு உடைத்தாய். "அம்மா, நல்லத நீ பாக்கவே இல்ல. பின்னாடி திரும்பிட்ட." அம்மா, "அப்பிடியா? அப்பா ஏன் சொல்லல?" என்று கேட்டாள். பிறகு, "சரி, அடுத்த லீவுக்கு வாரேன்ல. அப்பப் பாத்துக்கிறேன்" என்றாள். வீடியோ எடுத்து அனுப்பினேன். கையகலத் திரையில் அது கம்பி மத்தாப்பு மாதிரி இருந்தது. அவள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள்.

அடுத்த லீவு தள்ளிப் போய்விட்டது. அந்த வீட்டு அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, இப்போது விட முடியாது என்கிறார்களாம்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். அங்கே ஏதோ அவர்கள் நாட்டு விழா. கடற்கரையில் வாணவேடிக்கையாம். வீட்டுக்காரர்கள் எல்லோரும் மாடிக்குப் போனார்களாம், இவளும் பின்னாலேயே போயிருக்கிறாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"பெருசுதாங்க. ஆனா வேட்டு மேல வேட்டு. எது மூணாவதுன்னே தெரியல."

"அப்புறம்?"

"எல்லாரும் கீழ எறங்கிட்டாக. நான் எறங்கல. கடைசில உங்க சடை வந்தாலும் வரும்னு நின்னேன். பொக எல்லாம் போயி, நட்சத்திரம் தெரியிற வரைக்கும் நின்னேன். உள்ள இருந்து கூப்பிட்டாக, அப்புறந்தான் எறங்குனேன்."

"வந்துச்சா?"

"இல்லைங்க" என்றாள்.