ஒட்டுக் கேட்ட டிரம்

“...அதுக்காக அதோட வாயக் கட்டிப் போடுவீங்களா, கொழுந்தனாரே? அடி வாங்குன புள்ளயாட்டம் மூலையில குந்திக்கிட்டு இருக்கு. அவுத்து விடுங்க மொதல்ல!”

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து நேராக வந்திருந்தார் மதினி. இடுப்பில் சுற்றிய படங்குத் துணியிலிருந்து மழைத்தண்ணீர் எங்கள் வாசற்படியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் விரல் நீட்டிக் காட்டியது என் டிரம்மை. என் டிரம் என்று அன்றைக்குச் சொல்ல முடியாது. விடிந்தால் ஒன்று பணத்தைக் கொடுக்க வேண்டும், இல்லை டிரம்மைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எது என்று தெரியாமல் ஒரு வாரமாக நான் எழுந்து, நடந்து, உட்கார்ந்து, மறுபடியும் எழுந்துகொண்டிருந்தேன். சோற்றில் கை வைத்தால் டிரம் ஞாபகம். டிரம்மில் கை வைத்தால் சுவர் ஞாபகம்.

மதினி எனக்கு உறவு கிடையாது. றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த ஒற்றையறைக் காம்பராக்களில் இருந்தோம், அவ்வளவுதான். அவர் என்னைக் கொழுந்தன் என்று கேலி செய்ய ஆரம்பித்தார். அந்தக் கேலிக்காகவே நான் அவரை மதினி என்று கூப்பிட ஆரம்பித்தேன். கணவர் காலமாகி, மகள் வட்டகொடைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபின் அவர் தனியாள். ஆனால் தனியாள் வீட்டுச் சத்தம் அங்கே இருந்ததே இல்லை. அடுப்போடு பேசுவார், விறகைத் திட்டுவார், வேகாத பருப்பிடம் நியாயம் கேட்பார். “பேசாம இருந்தா நாக்கு பாசி புடிச்சிரும்” என்பார். எங்கள் மலையில் மழைக்காலத்தில் எதுதான் பாசி பிடிக்காது!

அப்போது நான் ஹட்டனில் ஒரு கல்யாண பேண்டில் டிரம் வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய்த்திருந்த ஸ்னேர் டிரம் பேண்டுக்குச் சொந்தமான பழைய இரும்பு டிரம். வேனிலேயே கிடந்து நசுங்கியது. மெதுவாகத் தொட்டாலும் அதட்டும், ஓங்கி அடித்தாலும் அதே அதட்டல்தான். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த நண்பர் வெளிநாடு போகிற சமயம் தன் மேப்பிள் மர ஸ்னேரை விற்க வேண்டும் என்றார். ஒரு விரலால் தட்டிப் பார்த்தேன். மழையின் முதல் சொட்டுத் தகரத்தில் விழுவதுபோலச் சின்னதாக, சுத்தமாகக் கேட்டது. அடித்த அளவுக்குத்தான் பேசும் டிரம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. “வீட்டுக்குக் கொண்டு போ மச்சான். ஒரு வாரம் வச்சுப் பாரு. நம்ம குளிருக்கும் பனிக்கும் மரம் ஒத்து வருதான்னு நீயே பாத்துக்க” என்று பையோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அதை வாங்கும் அளவுக்குக் காசு வீட்டில் இருந்தது. ஆனால் அது சுவருக்கென்று சேர்த்த காசு. லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேலே திறந்தே கிடக்கும். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அந்த இடைவெளியைக் கூரை மோடு வரை கல் வைத்து அடைக்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரியின் நெடுநாள் ஆசை. “ஒரு தடவையாச்சும் லயமே கேக்காம ஒங்கள வாய் நெறயத் திட்டணும்ங்க” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து எந்தச் சண்டையையும் பல்லைக் கடித்தே போட்டவளின் ஆசை அது. அதை நான் எப்படிச் சிரித்துத் தள்ளுவது?

டிரம் வந்த மறுநாள் மதினி வீட்டில் பானை மூடி விழுந்தது. எங்கள் வீட்டு மூலையில் டிரம் ‘சர்ர்’ என்றது. அவர் பூனையை விரட்டினார், அதற்கும் ஒரு ‘சர்ர்’. கொஞ்ச நேரத்தில் ஆளே வந்துவிட்டார்.

“நான் வாயத் தொறந்தா ஒங்க வீட்ல எவளோ கூடவே முனகுறா. யாரு அவ?”

டிரம்மைத் திருப்பிக் காட்டினேன். அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் எந்தச் சத்தம் எழுந்தாலும் தோல் அதிர, கம்பிகள் கூடவே அதிரும். இரும்பு டிரம்மும் அப்படித்தான். அது வேனிலேயே கிடந்ததால் லயத்துக்குத் தெரியவில்லை. மதினி குனிந்து அதன் அருகில் வாயை வைத்து, “ஏய்!” என்றார். அது பதில் சொன்னது. “அடியாத்தி, ஒட்டுல்ல கேக்குது!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா” என்றாள் வீட்டுக்காரி. “மோடு வரைக்கும் செவரு எழுப்பப் போறோம்ல. அப்பறம் ஒன்னும் கேக்காது.”

மதினி அண்ணாந்து அந்த இடைவெளியைப் பார்த்தார்.

“மோடு வரைக்குமா?”

“ஆமாக்கா.”

“நல்லதுதான் புள்ள. கட்டுங்க.”

அதற்குப்பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பாத்திரத்தைப் பூப்போல வைத்தார். விறகு திட்டு வாங்கவில்லை. நம் டிரம்மால்தானே கூச்சப்படுகிறார் என்று டிரம்மின் பக்கவாட்டிலிருந்த பிடியைத் தட்டி, கம்பிகளைத் தளர்த்திவிட்டேன். அப்படிச் செய்தால் டிரம் ஊமை. மதினியோ இன்னும் ஊமையானார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசிக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை, வெளியே போனால் கால் திரும்பிவிட்டது. வீட்டுக்காரியும் அடுப்புக்கும் வாசலுக்குமாக அலைந்தாள். “உப்பு இருக்காக்கா?” என்று வேண்டாத உப்பைச் சுவருக்கு மேலே கேட்டாள். கிண்ணம் வந்தது, பேச்சு வரவில்லை. முன்பு பிள்ளை பிறக்க இருந்தபோது, நான் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருந்த நாளில்தான் அவளுக்கு வலி கண்டது. கூப்பிடக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவளின் முனகலைச் சுவருக்கு மேலே கேட்டு ஓடி வந்தவர் மதினி. நானும் வீட்டுக்காரியும் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிரம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பனிக்காலத்தில் மரம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்; துடைத்து, போர்த்தி, பிள்ளையைப்போல வைத்துக்கொள்கிறேன். காசை எடுத்து என் கையில் வைத்தவள் வீட்டுக்காரிதான். “திட்டுறத நான் மெதுவாவே திட்டிக்கிறேன், போங்க” என்றாள். சில வருடங்களில் தோட்டத்தில் தனி வீடுகள் வந்தன. எங்களுக்கு மேல் வரிசை, மதினிக்குக் கீழ் வரிசை. ஒழுகாத கூரை, மோடு வரை சுவர். லயத்துக்குத் திரும்பிப் போக எங்களில் யாருக்கும் ஆசையில்லை. வீட்டுக்காரி இப்போது வாய் நிறையத் திட்டுகிறாள், டிரம்மும் கூடச் சேர்ந்துகொள்கிறது. அவளும் பிள்ளையும் வெளியே போன நேரங்களில்தான் எனக்கு என்னவோ செய்கிறது. கம்பிகளை இறுக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்கிறேன், எழுந்து சன்னலைத் திறக்கிறேன், மறுபடி வந்து உட்கார்கிறேன். ஒரு சத்தமும் வருவதில்லை. வழியில் பார்த்தால் மதினி, “ஒட்டுக் கேக்குறவ சௌக்கியமா?” என்று விசாரிப்பார். சௌக்கியம்தான் என்று சொல்லிவிட்டு வருவேன்.

அன்றைக்கு, வாயை அவிழ்த்து விடச் சொல்லி அவர் வாசலில் நின்றபோது, நான் பிடியைத் தட்டிக் கம்பிகளை இறுக்கினேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு தன் காம்பராவுக்குள் போனார். படங்கை அவிழ்த்து உதறும் சத்தம் கேட்டது. அப்புறம் வீட்டிலேயே பெரிய பானை மூடியைத் தேடி எடுத்து, வேண்டுமென்றே கீழே போட்டார்.