கேக்குகளுக்கு நடுவே களிமண் ரயில்

குவைத்தில், ஃபஹாஹீலில் நாங்கள் குடியிருந்த காலத்தில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது. அதன்மேல் ஒரு சைனா க்ளே கம்பெனி, அதாவது பீங்கானுக்கு வெள்ளைக் களிமண் எடுக்கும் கம்பெனி, குட்டியாக இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. என் வீட்டுக்காரருக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் டிராயிங் ஆபீஸில் வேலை. எனக்குச் சமையலறை. கல்யாணத்துக்கு முன்னால் கொல்லம் பக்கம் குண்டறாவில், ஒரு களிமண் கம்பெனி லேபில் மண்ணைச் சலித்து அதன் வெண்மையைச் சோதித்துக்கொண்டிருந்தவள் நான். நான் பாஸ் பண்ணாமல் ஒரு வேகன் நகராது. குவைத்துக்கு வந்த பிறகு நான் இன்னாருடைய சம்சாரம், அவ்வளவுதான். அது எனக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

ரயில் பைத்தியம் முதலில் பிடித்தது அவருக்குத்தான். ஆலையின் கிளப்பில் வருஷாவருஷம் பொழுதுபோக்குக் கண்காட்சி நடக்கும். வெள்ளைக்காரர்கள் அதில் குட்டி ரயில் ஓட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு, சூக்கில், அந்த ஊர்க் கடைத்தெருவில், கீழக்கரை பாய் கடையில் ஒரு எஞ்சினும் தண்டவாளமும் வாங்கி வந்தார். என்னைச் சந்தோஷப்படுத்துகிறாராம், நான் வேலை பார்த்த கம்பெனியையே ரயிலோடு குட்டியாகச் செய்து தரப்போகிறாராம். ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு பஞ்சை ஒட்டி, பெயின்ட் அடித்து, ஒரு குவியலைக் காட்டினார்.

"இது என்னது, இட்லியா?" என்று கேட்டேன்.

"பெரிசா பேசுதியே, நீ செய்யேன் பாப்போம்" என்றார்.

ரோஷம் வந்துவிட்டது. சரி என்று உட்கார்ந்தேன்.

எனக்குப் படம் வேண்டாம், அளவு வேண்டாம். கண்ணை மூடினால் கம்பெனி வரும். மண்மலையில் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். மண் கரைந்து பாலாக ஓடி வரும். படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் நின்று தெளியும். பிறகு காயப்போடும் ஷெட், சரக்கு ஏற்றும் மேடை, மீட்டர் கேஜ் வேகன். காலியான பற்பசை டியூபைப் பிரித்து, சீப்பின் மேல் வைத்து அழுத்தினால் ஷெட்டுக்குத் தகரக் கூரை. பால்பவுடர் டின்னில் வேகன். தகரத்தை அவர்தான் வெட்டிக் கொடுத்தார். நேர்கோட்டில் அவரை அடிக்க ஆள் கிடையாது, அதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளை மட்டும் படிய மாட்டேன் என்றது. களிமண் கம்பெனியில் கூரை, தண்டவாளக் கட்டை, மரத்தின் இலை, ஆளின் புருவம் எல்லாமே வெள்ளையாக இருக்கும். குவைத் மணலோ பழுப்பு. வெள்ளை வேண்டுமென்றால் நம்மூர்ப் பெண்ணுக்குக் கை எங்கே போகும்? கோலமாவு டப்பாவுக்குத்தான். பச்சரிசி மாவை விரலிடுக்கில் இழைய விட்டுத் தூவினேன். அச்சு அசல் குண்டறா. அவரே அசந்து போனார்.

இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. எறும்பு வரிசை கட்டிவிட்டது. வாசலில் கோலம் போட்டு எறும்பு தின்றால் புண்ணியம். என் மலையைத் தின்றால் யாருக்குப் புண்ணியம்?

"உங்க கம்பெனியில இத்தனை லேபர் கிடையாதுல்லா?" என்று அவர் சிரித்தார்.

எறும்பைக்கூட விரட்டிவிடலாம். கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியதும் மாவு தண்டவாளத்தில் கூழாக ஒட்டிக்கொண்டது. தண்டவாளத்திலிருந்துதான் எஞ்சினுக்குக் கரண்ட் ஏறும். ரயில் விக்கி விக்கி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மொத்தத்தையும் சுரண்டி எடுத்தேன். லேபில் அத்தனை வருஷம் என்னத்தைக் கிழித்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். க்ளே தூவிக் கிடப்பதில்லையே, கரைந்து வந்து படிந்து காய்ந்தல்லவா கிடக்கும்! மேஜையிலும் அப்படியே செய்ய வேண்டியதுதான்.

பாய் கடைக்குப் போனேன். "வெள்ளை சாக்பீஸ் எவ்வளவு இருக்கோ எல்லாம் குடுங்க."

"என்ன தங்கச்சி, பள்ளிக்கூடம் தொறக்கப் போறியளா?"

"ஃபேக்டரி."

அவர் ஒன்றும் புரியாமல் பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தார்.

இடித்து, மெல்லிய துணியில் சலித்து, கோந்துத் தண்ணீரில் கரைத்து, மலை உச்சியிலிருந்து கரண்டி கரண்டியாக ஊற்றினேன். கரைசல் தானாக வழி பிடித்து இறங்கியது. முரடு மேல் தொட்டியில் தங்கியது, நைசு கடைசித் தொட்டிக்குப் போனது. காய்ந்ததும் மேலே சன்னமாக வெடித்தது, நிஜக் களிமண் வெடிப்பது போலவே. எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது.

கண்காட்சி வந்தது. இவர் ஆலையிலிருந்து வந்து, பேர் கொடுத்தாயிற்று என்றார். யார் பேர் என்றேன். அவர் பேராம்.

"மெம்பர் நாந்தானட்டி?"

"மெம்பர் நீங்க. செஞ்சது யாரு?"

"ரயில் ஹாலு மெம்பருக்கு மட்டுந்தான். பொம்பளையாளுக்கு லேடீஸ் செக்‌ஷன் இருக்கு. கேக்கு, பின்னல், அதெல்லாம்."

"அப்போ இத அங்க வைக்கேன்."

"கேக்குக்கு நடுவுலயா? நாலு பேரு சிரிப்பான்."

"சிரிக்கட்டும். என் பேர் இல்லன்னா இந்த மேஜை வீட்டை விட்டு நகராது."

அதோடு மூன்று நாள் பேச்சுவார்த்தை கிடையாது. கடைசியில் போய்ப் பேரை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

எனக்கு இடப்பக்கம் மூன்று அடுக்குக் கேக், வலப்பக்கம் கம்பளிக் காலுறைகள். நடுவில் என் பேர் எழுதிய அட்டை, என் களிமண் கம்பெனி, என் ரயில். முதலில் சிரித்த பெண்கள் அப்புறம் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த ஹாலிலிருந்து ஆண்களும் வந்தார்கள். ரயில் கோஷ்டிக்குத் தலைவர் போல இருந்த ஒரு வெள்ளைக்காரர் மேஜை மட்டத்துக்குக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் கேட்டார், தொட்டிகளை ஏன் படிப்படியாக இறக்கியிருக்கிறீர்கள் என்று. அட்டையில் பேர் இருந்து என்ன செய்ய? எனக்குச் சுருக்கென்றது.

அந்த நேரம் பார்த்து ரயில், சரக்கு மேடைக்கு முன்னால் நின்றுவிட்டது.

வெள்ளைக்காரர் ஒதுங்கி இவருக்கு வழி விட்டார். என் வீட்டுக்காரர் எதில்தான் கையை வைக்க மாட்டார்? ரேடியோ கரகரத்தால் கழற்றுவார், நான் தாளித்தால் கரண்டியைப் பிடுங்குவார். போச்சு, இனி இது அவர் ரயில்தான் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது. இது அவளுடையது. அவளைக் கேளுங்கள்" என்றார், ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி.

கைக்குட்டையால் தண்டவாளத்தைத் துடைத்து, எஞ்சினை விரலால் ஒரு தட்டு தட்டி, கரண்ட் குமிழைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்; விட்டால் அது தானாகத் திரும்பிக்கொள்ளும். வேகன்கள் அசைந்தன. வெள்ளைக்காரர் என் பக்கம் திரும்பி அதே கேள்வியை என்னிடம் கேட்டார். முரடு எங்கே தங்கும், நைசு எங்கே போகும், எதை எத்தனை தரம் சலிப்போம் என்று நான் மறு கையால் காட்டிச் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே நின்றார். லேபை விட்டு வந்த பிறகு என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை, குமிழிலிருந்து கையை எடுத்தால் ரயில் நின்றுவிடும்.